ஊசி குத்தும் இடம்

மகளுக்கு அப்பா
பிப்ரவரி 11

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஊர்க் குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. பட்டறையில் வேலை கழுத்துமட்டும் இருக்கிறது, அதனால் பதில் தாமதமாகிவிட்டது.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். சிரிக்கக்கூடாது. உன் அறையில் துணி போர்த்தி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். அத்தை பிள்ளைகளுக்காக நீ எழுதிய படம் தொடும் விளையாட்டு இருக்கிறதே, அதைத்தான் ஓட்டிப் பார்க்கிறேன். திரை முழுக்கக் கட்டம், கட்டத்துக்கு ஒரு படம், மவுஸால் தொட்டால் அந்தக் கட்டம் சிவப்பாகிக் கூவுகிறது. எல்லாம் சரி, அந்த அம்புதான் எறும்புக் கால் மாதிரி இருக்கிறது. எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. அதைப் பெரிதாக்க வழி உண்டா? எனக்கு வயதாகிறது, கண் மங்குகிறது, வேறொன்றுமில்லை.

அம்மா உன்னை ரொம்ப விசாரித்தாள். பள்ளிச் சீருடை தைக்கிற வேலை மொத்தமாக வந்ததில் மெஷினை விட்டு எழுந்திருக்கவே நேரமில்லை. அதனால்தான் வழக்கமாக அடியில் எழுதுகிற இரண்டு வரி இந்தத் தடவை இல்லை. தப்பாக நினைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

அக்காவுக்குத் தம்பி
பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. நேற்று மகளுக்கு எழுதும்போது மட்டும் தாராளமாக வந்தது.

என் வீட்டுக்காரி நீ வந்து பார்த்துவிட்டுப் போனபோது இருந்தபடியேதான் இருக்கிறாள். தையல் மெஷினிலேயே சரிந்தாளே, அன்றிலிருந்து வலது பக்கம் அசைவில்லை, வாயில் சொல் இல்லை. கழுத்து நிற்பதில்லை, அதனால் ஆமாம் என்கிறாளா இல்லை என்கிறாளா என்று தலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியவில்லை. இடது கையில் மட்டும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. பேனா பிடிக்க விரலில் பலம் போதாது. ஆனால் பலகையில் மவுஸை வைத்து அதன்மேல் கையை எடுத்து வைத்தால் உள்ளங்கையால் தள்ளுகிறாள், அழுத்துகிறாள்.

டாக்டர் சொன்னார்: "பேச்சு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். நாம பேசறது அவங்களுக்குப் புரியுதா இல்லையா, அதான் கேள்வி. அத எப்படியாவது கண்டுபிடிக்கணும்." எனக்கும் அதுதான் கேள்வி அக்கா. நாள் முழுக்க அவளிடம் பேசிக்கொண்டே இருக்கிறேன். கேட்கிறாளா, நான் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேனா என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

பட்டறைக்கு லீவு போட்டுவிட்டேன். மகளின் விளையாட்டில் யானை, பூனைப் படங்களை அழித்துவிட்டு வேறு படம் வரைந்திருக்கிறேன். மேல் வரிசையில் தண்ணீர், கஞ்சி, ஜன்னல், தலையணை. அடுத்ததில் வலி, மகள், விளக்கு, நான். அதற்குக் கீழே படுக்கையிலேயே வைக்கிற பெட்பேன், போர்வை, மற்றதெல்லாம். அவள் தொட்டுக் காட்டினால் புரிகிறது என்று அர்த்தம்.

மகளுக்குச் சொல்லவில்லை. ஜூன் முடிந்தால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். நடுவில் லீவு கேட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நீயும் வாயைத் திறக்காதே.

தம்பி

தம்பிக்கு அக்கா
பிப்ரவரி 24

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

என் முழங்காலுக்கு என்ன, அது தன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா என்று எழுதவே இல்லை. சாப்பிட்டிருக்க மாட்டாய்.

பெற்ற பெண்ணிடமே தாய் படுத்திருப்பதை மறைக்கிற தைரியம் உனக்கு எங்கிருந்து வந்தது? நாளைக்கு அவள் வந்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள். அப்போது என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளியாதே. நான் சொல்ல மாட்டேன், ஆனால் சொல்லாததற்கு நீதான் பொறுப்பு.

படம் வரைகிறேன், பொம்மை வரைகிறேன் என்கிறாய். செய். ஆனால் ஒன்று யோசி. அவளுக்கு நினைவு இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கலாம், நம் முகமாவது அவளுக்கு ஆறுதல். இல்லை என்றால் உன் ஒருத்தனால் எத்தனை நாள் தூக்கிப் புரட்ட முடியும்? எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி ஒரு பராமரிப்பு இல்லம் பற்றிச் சொன்னாள். சுத்தமான இடமாம். கோபப்படாதே. நீயும் மனுஷன்தான்.

அக்கா

அப்பா அம்மாவுக்கு மகள்
மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். குளிர் பழகிவிட்டது, காலுறையோடு தூங்கவும் பழகிவிட்டேன். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

அப்பா, சிரிக்காதே என்றால் எப்படி? நான் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் "கண்ணு அவிஞ்சு போகும், எந்திரி" என்று கத்திய மனுஷர் நீங்கள்தானே? இப்போது வேலைவெட்டி இல்லாத பையன் மாதிரி விளையாட்டு ஓட்டுகிறீர்கள். இருக்கட்டும், சந்தோஷம்தான்.

அம்பு என்பது ஒரு சின்னப் படம், அவ்வளவுதான். அகலம் பதினாறு புள்ளி, அதற்கு மேல் அந்த மெஷின் விடாது. உயரம் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். மூன்று நிறம் வைக்கலாம். நிறம் வைக்காத புள்ளி கண்ணாடி மாதிரி, பின்னால் இருப்பது தெரியும். இத்துடன் ஒரு ஃபிளாப்பி வைத்திருக்கிறேன். ஓட்டினால் கட்டம் கட்டமாக ஒரு தாள் வரும், ஒவ்வொரு கட்டமும் ஒரு புள்ளி. தொடத் தொட நிறம் மாறும். என்ன வரைகிறீர்களோ அதுதான் உங்கள் அம்பு. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எம்பிராய்டரிக்குத் துணியில் கட்டம் எண்ணுகிறவளுக்கு இது ஒரு வேலையே இல்லை.

அம்மா, இரண்டு வரி எழுதக்கூட நேரம் இல்லையா? ஊர்ப் பிள்ளைகள் சீருடை இல்லாமல் ஒரு நாள் போகட்டும்.

உங்கள் மகள்

மகளுக்கு அப்பா
மார்ச் 18

அன்புள்ள மகளுக்கு,

நலம். ஃபிளாப்பி வளையாமல் உடையாமல் வந்து சேர்ந்தது. நீ கெட்டிக்காரி.

அம்புக்குப் பதிலாக என்ன வரைவது என்று ரொம்ப யோசித்தேன். பிறகு கூடத்தில் சும்மா நிற்கிற தையல் மெஷினைப் பார்த்து ஊசியையே வரைந்துவிட்டேன். மேலே ஊசியைப் பிடிக்கிற திருகு, நடுவில் தண்டு, கீழே கூர். கறுப்பு, வெள்ளை, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. விளையாட்டில் ஒரு கட்டம் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம். நன்றாக எடுப்பாகத் தெரிகிறது. பட்டறையில் எத்தனையோ கடைந்திருக்கிறேன், புள்ளி புள்ளியாக ஒரு ஊசி செய்தது இதுதான் முதல் தடவை.

ஓட்டியும் பார்த்தேன். முன்பு அம்பின் தலையைக் கட்டத்துக்குள் வைப்பது போல ஊசியின் தலையை வைத்தேன். ஒரு தப்பும் இல்லை, எல்லாக் கட்டமும் ஒழுங்காகச் சிவப்பாகிறது.

அம்மா ஊசியைப் பார்த்ததும் கண்ணை எடுக்கவே இல்லை. இது சத்தியம். அவளுக்குக் கையில் சின்னதாக ஒரு அடி, பேனா பிடிக்க முடியவில்லை. கவலைப்படும்படி ஒன்றுமில்லை. நீ வேலையைக் கவனி.

அப்பா

அப்பாவுக்கு மகள்
மார்ச் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு எந்தக் கையில் அடி? என்ன அடி? வலது கை என்றால் இடது கையால் கிறுக்கட்டும், எனக்குப் போதும்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தபோது நீங்கள் மட்டும் வந்து "அம்மா தூங்கறா" என்றீர்கள். சாயங்கால நேரத்தில் அம்மா தூங்கி என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. நானாக எதையாவது கற்பனை செய்துகொள்வதற்கு முன்னால் அவளை எழுதச் சொல்லுங்கள்.

ஊசி யோசனை பிரமாதம். எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

மகள்

அக்காவுக்குத் தம்பி
ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சுகத்துக்கு எழுது. என் கடிதத்தை உட்கார்ந்து படி.

நேற்று டாக்டர் வீட்டுக்கே வந்தார். அவள் கையை மவுஸ்மேல் வைத்தோம். "விளக்கு எங்கம்மா இருக்கு? காட்டுங்க பாப்போம்," என்றார். மெதுவாகத் தள்ளினாள், அழுத்தினாள். ஜன்னல் சிவப்பானது. "உங்க வீட்டுக்காரர் எங்க?" தலையணை. "பொண்ணு எங்க?" கஞ்சி. அவர் மவுஸை எடுத்து ஓரமாக வைத்தார். என் தோளில் கை வைத்தார், அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. "கை ஒத்துழைக்குது. உள்ள வாங்கிக்கறது இல்ல. மனசத் தேத்திக்குங்க," என்றார்.

நானும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். ஒரு நாளில் எத்தனை தடவை கஞ்சி கேட்கிறாள் தெரியுமா? ஓடிப்போய்க் கொண்டுவந்தால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். தண்ணீர் கேட்கிறாள், கொடுத்தால் கடைவாய் வழியாக விட்டுவிடுகிறாள், முகமெல்லாம் சுருங்கிக் கண்ணீர் வருகிறது. போன வாரம் நான் பொறுமை இழந்து, "கேட்டது நீதானே? குடிக்க மாட்டேன்னா எப்படி?" என்று கத்திவிட்டேன். மவுஸைப் பலகையிலிருந்து கீழே தள்ளிவிட்டாள். அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. புத்தி இல்லாதவளுக்குக் கோபம் மட்டும் எப்படி வருகிறது என்று டாக்டரிடம் கேட்டேன். அது வரும் என்றார்.

நீ சொன்ன இல்லத்துக்குப் போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. ஜூன் முதல் தேதி ஒரு படுக்கை காலியாகிறதாம். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் பஸ்ஸில் அழுதேன், யார் பார்த்தால் எனக்கென்ன.

ஒரு நப்பாசை மட்டும் விடமாட்டேன் என்கிறது. மவுஸ் வேகமாக ஓடுவதால் கை தப்பிப் போகிறதோ என்னவோ. அதை மெதுவாக்க முடியுமா என்று மகளைக் கேட்கப்போகிறேன்.

தம்பி

மகளுக்கு அப்பா
ஏப்ரல் 21

அன்புள்ள மகளுக்கு,

நலம், நலமே விரும்புகிறேன். நீ கேட்ட ஊசி இந்த ஃபிளாப்பியில் இருக்கிறது. இதில் எனக்கு ஒரு உதவி செய். மவுஸைக் கொஞ்சம் தள்ளினால் ஊசி திரையின் அந்தக் கோடிக்கு ஓடிவிடுகிறது. பாதி வேகத்தில் போகிறமாதிரி மாற்றி அனுப்ப முடியுமா? சீக்கிரம் அனுப்பினால் நல்லது. மே மாதத்துக்குள் கிடைத்தால் போதும்.

அம்மாவின் கை ஆறி வருகிறது.

அப்பா

தம்பிக்கு அக்கா
மே 2

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அடுப்பங்கரைப் பக்கமே போகப் பிடிக்கவில்லை. உன்னைக் கத்தாதே என்று சொல்ல நான் யார், நானாக இருந்தால் இன்னும் கத்தியிருப்பேன்.

முப்பதாம் தேதி காலை வருகிறேன். அவள் துணிமணியை நான் எடுத்து வைக்கிறேன், நீ அதைச் செய்ய வேண்டாம். மகளுக்கு அதற்குள்ளாவது சொல். இதுதான் கடைசி தடவை சொல்வது.

அக்கா

அப்பாவுக்கு மகள்
மே 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், அங்கேயும் அப்படித்தானே? கூட வேலை செய்கிறவன் வீட்டில் நம் கம்ப்யூட்டர் மாதிரியே ஒன்று இருக்கிறது. அவன் வீட்டில் உட்கார்ந்து உங்கள் ஊசியைத் திரையில் ஏற்றினேன். அழகாக வரைந்திருக்கிறீர்கள், பெருமையாக இருந்தது. ஆனால் வேகம் பிறகு, அதில் ஒரு பெரிய கூத்து இருக்கிறது.

அம்புப் படத்தில் எந்த ஒரு புள்ளி பட்டால் பட்டதாகக் கணக்கு என்று மெஷினுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். பழைய அம்புக்குக் கூர் மேலே இருந்தது, அதனால் அந்தப் புள்ளியும் மேலே இருந்தது. நீங்கள் படத்தை மாற்றினீர்கள், புள்ளியை மாற்றவில்லை. ஊசிக்குக் கூர் கீழே இருக்கிறது, மெஷினோ இன்னும் மேலே இருக்கிற திருகைத்தான் பார்க்கிறது. உங்களுக்கு அம்பு பழக்கம், தலையை வைத்து ஓட்டினீர்கள், சரியாக வந்தது. தைக்கிற யாராவது இதைத் தொட்டால் ஊசியின் அடியைத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு முனை ஒரு படத்தில் இருக்கும், அதற்கு நேர் மேலே இருக்கிற கட்டம் சிவப்பாகும். மேல் வரிசைக்கு முனை போகவே போகாது. அம்மாவிடம் கொடுத்துப் பாருங்கள், உங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். புள்ளியைக் கீழே மாற்றி, வேகத்தையும் பாதியாக்கிப் புது ஃபிளாப்பி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று அதே ஃபிளாப்பியில் இருக்கிற விளையாட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பெட்பேன் எதற்கு அப்பா? வலி என்று வாயைக் கோணி ஒரு முகம் எதற்கு? ரெட்டைச் சடை போட்ட பெண் நான்தானே? மீசை வைத்த ஆள் நீங்கள். நாம் இரண்டு பேரும் இருக்கிறோம். அம்மா படம் மட்டும் இல்லை.

அப்படியென்றால் படத்தைத் தொடுவது அம்மா.

அவளுக்கு என்ன ஆயிற்று? எப்போதிலிருந்து? பதினாறாம் தேதி சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வேன். தூங்குகிறாள் என்று சொல்லாதீர்கள்.

மகள்

அக்காவுக்குத் தம்பி
மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ முப்பதாம் தேதி வா. துணி எடுத்து வைக்க அல்ல, சும்மா வா. இல்லத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

படங்கள் எல்லாம் அதே ஃபிளாப்பியில் இருக்கின்றன என்பது தபால்பெட்டியில் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. மகள் கண்டுபிடித்துவிட்டாள். அவள் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. அதை இரண்டு தடவை படித்தேன். ஊசிக்குக் கூர் கீழே இருக்கிறது அக்கா. நான் கம்ப்யூட்டரைத் திருகின் தலையைப் பார்க்க விட்டிருக்கிறேன். இவள் வாழ்நாளெல்லாம் ஊசி இறங்குகிற இடத்தைப் பார்த்தவள், முனையைத்தான் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டம் மேலே சிவப்பாகியிருக்கிறது. நான் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடியிருக்கிறேன், திரும்பித் திருத்தக்கூட அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை.

புது ஃபிளாப்பியைப் போட்டு அவள் கையை எடுத்து வைத்தேன். "விளக்கு எங்க?" விளக்கு. "நான் எங்க?" நான். "ஜன்னல்?" ஜன்னல். மாற்றி மாற்றிக் கேட்டேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. டாக்டரைக் கூட்டிவந்து காட்டினேன். "எல்லாமே புரியுதுங்க இவங்களுக்கு," என்றார், நல்லவேளை என்று இரண்டு தடவை சொன்னார்.

அவள் தண்ணீர் கேட்டதாக நினைத்தபோதெல்லாம் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். நான் தண்ணீரை வாயில் ஊற்றியிருக்கிறேன். கஞ்சிக்கு நேர் கீழே இருக்கிற படம் எது என்று உனக்கு எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். இத்தனை வாரமும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மகளைக் கேட்டிருக்கிறாள். நான் கஞ்சி கொடுத்தேன், குடி என்று கத்தினேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நேற்று மகள் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் போனை வைத்துவிட்டாள். ஜூன் முடியப் பொறு, அம்மாவும் அதைத்தான் விரும்புவாள் என்று இன்று காலை அவளுக்கு ஒரு கார்டு போட்டேன்.

இப்போது படங்களுக்குப் பதில் எழுத்துக்கள் வரைந்துகொண்டிருக்கிறேன். அவளுக்கு நிறையச் சொல்லவேண்டியிருக்கும்.

தம்பி

மகளுக்கு அம்மா
மே 27

(ஊசியால் அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுச் சொன்னது. எழுதிக்கொண்டது மட்டும் நான். எதையும் மாற்றக்கூடாது என்று அதையும் அவளே தொட்டுச் சொன்னாள். – அப்பா)

மகளுக்கு,

சுகம் என்று பொய் எழுத மாட்டேன். பேச்சு வரவில்லை. வலது கை வரவில்லை. மற்றதெல்லாம் இருக்கிறது.

உன் கடிதங்களை அப்பா சத்தமாக வாசித்தார். எல்லாம் கேட்டேன். டாக்டர் சொன்னதும் கேட்டேன். இல்லம் பற்றிப் பேசியதும் கேட்டேன். கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

போக மாட்டேன் என்று அத்தைக்கு முதலில் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டார்.

ஜூன் முடியட்டும், அம்மாவும் அதைத்தான் விரும்புவாள் என்று அப்பா உனக்கு எழுதினாராம். என்னைக் கேட்கவில்லை. வேலை முக்கியம்தான், எனக்கும் தெரியும். லீவு கேள். தரவில்லை என்றாலும் வா. எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும்.

அப்பாவை நீ ஒரு வார்த்தை சொல்லாதே. சொல்லவேண்டியதெல்லாம் நான் வைத்திருக்கிறேன். தினமும் கொஞ்சம் சொல்கிறேன். அவரே எழுதிக்கொள்கிறார்.

அம்மா